இணைப்பு மீண்டது, வேலை மீளவில்லை

தொலைவிலுள்ள சர்வரில் டேட்டாபேஸ் மாற்றம் ஓடிக்கொண்டிருக்கிறது. பாதியில் திரை உறைகிறது. எந்த விசையைத் தட்டினாலும் எழுத்து விழவில்லை. இதற்குப் பலரும் கைவசம் வைத்திருக்கும் மருந்து நாலைந்து வரி ஷெல் ஸ்கிரிப்ட்தான்: சர்வரோடு நம்மை இணைக்கும் எஸ்எஸ்எச் அறுந்தால் ஐந்து நொடி பொறு, மறுபடி இணை, ஓயாமல் சுற்று.

ஆளில்லாத இடத்தில் இது அருமையான ஏற்பாடு. ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கருவியை எட்டுவதற்கான டனல், இரவில் அறுந்தாலும் காலைக்குள் தானே எழுந்துவிடும். ஆட்டோஎஸ்எஸ்எச் என்ற கருவி செய்வதும் இதையேதான்.

மனிதர் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இதை நம்புவது தவறு. ஸ்கிரிப்ட் மீட்பது இணைப்பை மட்டுமே. பழைய ஷெல்லும் அதில் ஓடிய கட்டளையும் பெரும்பாலும் இணைப்போடு சேர்ந்தே மடிந்திருக்கும்; நமக்குக் கிடைப்பது வெறும் புது ஷெல். டேட்டாபேஸ் மாற்றம் எந்த வரியில் நின்றது என்று தேடுவது நம் தலையில். இதைத் தவிர்க்க 1987-லேயே ஜிஎன்யு ஸ்கிரீன் வந்துவிட்டது, 2007-இல் டிமக்ஸ். அவற்றுள் தொடங்கிய வேலை, இணைப்பு அறுந்தாலும் சர்வரிலேயே உயிரோடு இருக்கும். நாம் திரும்பிப் போய் ஒட்டிக்கொண்டால் போதும்.

இன்னொரு ஓட்டை பலர் கண்ணில் படுவதில்லை. எஸ்எஸ்எச் வெளியேறினால்தான் ஸ்கிரிப்டின் சுற்று அடுத்த அடி வைக்கும். திரை உறைந்து கிடக்கையில் அது நெடுநேரம் வெளியேறாமலே இருக்கலாம். எஸ்எஸ்எச்சின் சர்வர்அலைவ்இன்டர்வல் என்ற அமைப்பு இயல்பாகப் பூஜ்யம், அதாவது எதிர்முனை இருக்கிறதா என்று எஸ்எஸ்எச் தானாகக் கேட்பதில்லை. அதை 15 என்று வைத்தால், மூன்று முறை பதில் வராதபோது சுமார் 45 நொடியில் இணைப்பைக் கைவிடும். இந்த ஒரு வரி இல்லாத ஸ்கிரிப்ட் காவலுக்கு நின்றபடியே தூங்குகிறது.

எனக்கு மிகுந்த கவலை தருவது வேறொன்று. நெட்வொர்க் அறுந்தாலும், சாவி மறுக்கப்பட்டாலும், சர்வரின் அடையாளம் மாறியிருந்தாலும் எஸ்எஸ்எச் தரும் எண் ஒன்றே: 255. காரணம் தெரியாத சுற்று கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். தோற்ற முயற்சிகளை எண்ணித் தடுக்கும் ஃபெயில்2பேன் இருக்கும் சர்வர் நம் முகவரியையே தடுத்துவிடலாம். தொல்லை தாங்காமல் சிலர் சர்வரின் அடையாளச் சோதனையையே அணைத்துவிடுகிறார்கள். நெட்வொர்க்கில் பாஸ்வேர்டு திருடப்பட்டதைக் கண்டுதான் 1995-இல் ஃபின்லாந்தில் டாட்டு யுலோனன் எஸ்எஸ்எச்சை எழுதினார். எதிரே இருப்பது யாரென்று பார்க்காமல் இணைவது அந்த உழைப்பையே வீணாக்குவது.

டனலுக்குச் சுற்று வையுங்கள். உங்கள் வேலையை டிமக்ஸில் வையுங்கள். அடையாளம் மாறியது என்ற எச்சரிக்கை வந்தால் ஸ்கிரிப்ட் நிற்கட்டும், நீங்கள் எழுந்து பாருங்கள்.