ஆராய்ச்சி மணியும் நகர் மேம்பாடும்

கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தபோது, இந்நகரில் அதற்கு நிலம் உண்டா என்று மனுநீதிச் சோழன் வினவவில்லை. பாதிக்கப்பட்ட உயிர் என்பதே மணியின் கயிற்றைப் பற்றுவதற்குப் போதுமான தகுதியாக இருந்தது. நகரங்களை மாற்றியமைக்கும் இக்கால அமைப்புகளை மதிப்பிடுவதற்கும் இக்கதையே தக்க உரைகல் எனலாம்.

ஜொகூரின் கிழக்குக் கரையில் தென்சீனக் கடலை நோக்கி அமைந்த மெர்சிங், மீன்பிடித் தொழிலாலும் தியோமான் முதலிய தீவுகளுக்குச் செல்லும் படகுத்துறையாலும் பெயர் பெற்ற ஊர். கிழக்குக் கரைப் பொருளாதார வட்டார மேம்பாட்டு மன்றம் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தபோது, கிளந்தான், திரெங்கானு, பகாங் ஆகிய மாநிலங்களோடு மெர்சிங் மாவட்டமும் அதன் எல்லைக்குள் அடங்கிற்று. பிரதமர் தலைமை தாங்க, மாநில மந்திரி பெசார்கள் உறுப்பினராக அமரும் மன்றம் அது. கடலை நிரப்பிச் சுற்றுலா நகரம் எழுப்பும் 'மெர்சிங் லகூனா' திட்டம் இவ்வட்டாரத்துக்கென அறிவிக்கப்பட்டவற்றுள் ஒன்று.

மன்றத்தின் உயர்நிலை முதலீட்டை ஈர்க்கும். துறைகளுக்கிடையே உள்ள தடைகளையும் நீக்கும். அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும், மேடை உயர உயரக் கீழிருந்து எழும் குரல் மெலிகின்றது. மலேசியாவில் ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அவற்றை அறவே நீக்கிற்று. ஆகவே, மெர்சிங் மாவட்ட மன்ற உறுப்பினர் மாநில அரசால் நியமிக்கப்படுபவர். ஊராரின் வாக்குக்குக் கடன்பட்டவர் அல்லர்.

அவ்வாறாயின் ஊரார் பேசுவதற்கு வழியே இல்லையா எனின், உண்டு. 1976ஆம் ஆண்டு நகர், நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம், வரைவுத் திட்டங்களை மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்குமாறு பணிக்கிறது. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில், அண்டை நில உரிமையாளர்க்கு அறிவிப்பு அனுப்பி, 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க இடமளிக்கிறது. 'நில உரிமையாளர்' என்னும் சொல்லே ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. வாடகைக் கடைக்காரரும், வாடகைக் குடியினரும், கடலையே வயலாகக் கொண்ட மீனவரும் அச்சொல்லுக்குள் அடங்குவதில்லை. கடலுக்கு ஏது பட்டா?

இக்குறை மெர்சிங்கோடு முடிவதன்று. தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து மாடு வளர்த்த பினாங்கின் கம்போங் புவா பாலா, நில உரிமை வழக்கில் தோற்று, 2009இல் இடிக்கப்பட்டது. வாழ்ந்த ஆண்டுகள் வழக்கில் எடைபெறவில்லை. 2025இல் மக்களவையில் முன்வைக்கப்பட்ட நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதாவும், கட்டடத்தின் வயதுக்கும் நிலைக்கும் ஏற்ப 80, 75, 51 விழுக்காடு என ஒப்புதலை வகுத்தது. எத்தனை விழுக்காடு என்பது ஒரு வினா. யாருடைய விழுக்காடு என்பது அதனினும் அடிப்படையான வினா. அங்கும் எண்ணப்பட்டவர் உரிமையாளரே.

பொறுப்புடைமை என்பது கணக்கேட்டைத் தணிக்கைக்கு அனுப்புவதோடு நிறைவுறுவதன்று. குடியிருப்போருக்கும் தொழில் செய்வோருக்கும் அறிவிப்புச் சென்று சேர வேண்டும். அது அவர்கள் படிக்கும் மொழியில் அமைய வேண்டும். எழுந்த ஆட்சேபங்களுள் எவை ஏற்கப்பட்டன, எவை எக்காரணத்தால் தள்ளப்பட்டன என்பது வெளியிடப்பட வேண்டும். விடை தராத செவி, செவிடாக இருப்பதினின்றும் வேறுபட்டதன்று.

இடித்துரைக்கும் துணை இல்லாத அரசன், பகைவர் இல்லாதபோதும் கெடுவான் என்று 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்தார். இன்று அத்துணையாக நிற்கவேண்டியவர் ஊராரே. மணியை வாயிலில் தொங்கவிட்ட சட்டம் பாராட்டுக்குரியது. ஆனால், அதன் கயிறு பட்டா உள்ளவரின் கைக்கு மட்டுமே எட்டுமாயின், பசு இன்னும் வாயிலில்தான் நின்றுகொண்டிருக்கும்.