தோன்றா எழுவாய்

தமிழில் மிக அதிகமாக எழுதப்பட்டும் யாராலும் திறனாய்வு செய்யப்படாத வகைமை 'நான் சென்ற சுற்றுலா'தான் என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வேன். அரையாண்டு விடுமுறையோ பொங்கல் விடுமுறையோ முடிந்து பள்ளி திறந்ததும் தமிழாசிரியர் கரும்பலகையில் எழுதும் தலைப்பு அது. அண்மையில் அம்மா வீட்டுப் பரணில் என் ஏழாம் வகுப்புக் கட்டுரை ஏடு கிடைத்தது. 1991. தொடக்கம் இப்படி:

'காணும் பொங்கலன்று அப்பா எங்களை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு அதிகாலையில் வேனில் புறப்பட்டோம்.'

பத்துக்கு ஒன்பது வாங்கியிருக்கிறேன். பிழையே இல்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது.

இரண்டாம் வாக்கியத்தில் எழுவாய் வெளிப்படையாக இல்லை. 'புறப்பட்டோம்' என்ற முற்றின் விகுதியிலிருந்து 'நாங்கள்' என்று வருவித்துக்கொள்கிறோம், தோன்றா எழுவாய். 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்பது தொல்காப்பியம். ஆக, புறப்பட்டவர்கள் எவரோ அவர்களே கட்டுச்சோறும் கட்டினார்கள். வேனில் பதினோரு பேர் இருந்தோம். கட்டியவர் ஒருவர். ஓர் 'ஓம்' விகுதி அவரை விழுங்கிவிட்டது, இலக்கணப்படி மிகச் சரியாக.

முதல் வாக்கியத்தில் எழுவாய் கம்பீரமாக நிற்கிறது. 'அரசன் கோயில் கட்டினான்' என்பதை ஏவுதல் கருத்தாவுக்கு எடுத்துக்காட்டாகப் படித்திருப்பீர்கள். கல் சுமந்தவன் வேறு ஆள். அப்பா வேன் வாடகை கொடுத்தார், அதை மறுக்கவில்லை.

அம்மா முதல்நாள் இரவே புளிக்காய்ச்சல் காய்ச்சி வைத்தார். மூன்று மணிக்கு எழுந்து சோறு வடித்து, தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டார். தயிர்ச்சோறு மதியத்துக்குள் புளித்துவிடக் கூடாதென்று பாலை நிறைய ஊற்றி, உறைக்கு மட்டும் தயிர் விட்டுப் பிசைந்தார். வாழையிலை, குடிதண்ணீர், தம்பிக்கு மாற்று உடுப்பு, பாட்டியின் மாத்திரை. இத்தனையும் எடுத்துவைத்தவர் தான் மட்டும் முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. வழியில் எங்கே ஒதுங்குவது? எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் அந்த வித்தை தெரியும். என் மாணவிகளில் பலருக்கு இன்றும் தெரிகிறது.

ஏட்டைக் காட்டி, "அன்னைக்கு நீ என்னம்மா பார்த்தே?" என்று கேட்டேன்.

"என்னத்தடி பார்த்தேன்? மரத்தடியில உக்காந்து சாமானைப் பார்த்துக்கிட்டிருந்தேன். சிங்கம் கத்துச்சு. அது கேட்டுச்சு."

விழாவின் பெயர் *காணும்* பொங்கல்.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே மலை தெரியும். பாத்திரம் தேய்க்க வசதியாக அந்த இடத்தை விரிக்கலாமே என்று மருமகள் மீனாட்சி மாமனாரிடம் யோசனை சொல்கிறாள். சில நாட்களில் ஜன்னலுக்கு வெளியே துணி உலர்த்தக் கயிறு கட்டப்படுகிறது, மலை மறைகிறது. அந்தக் கதையைப் பாடம் நடத்தும்போது நாங்கள் பெரும்பாலும் சமையலறையைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு இப்போது அந்த மலைதான் முக்கியமாகப் படுகிறது. பார்ப்பதற்கான ஓய்வு, பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும் உரிமை. சுற்றுலாவன்று கயிறு கட்ட வேண்டிய அவசியமில்லை. சமையலறையே மலையடிவாரத்துக்குக் கிளம்பி வந்துவிடுகிறது.

2019 சனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. நல்ல சட்டம், நான் ஆதரிக்கிறேன். ஆனால் பூங்காவுக்குப் போகும் எவர்சில்வர் தூக்குகளை யார் சுமக்கிறார்கள், திரும்பி வந்து எண்ணெய்ப் பிசுக்குப் போக யார் தேய்க்கிறார்கள் என்று அடுத்த காணும் பொங்கலன்று எண்ணிப் பாருங்கள்.

இதையெல்லாம் சொன்னதும் அம்மாவுக்குக் கோபம் வந்தது. "அந்த ஒரு நாள்தான் நான் வாசப்படி தாண்டினேன். அதையும் அழுகையா எழுதிடாதே" என்றார். மரத்தடியில் பக்கத்துக் குடும்பத்துப் பெண்ணோடு ஊர்க்கதை பேசியதும், அவள் கொடுத்த எலுமிச்சைச் சாதமும் அவருக்கு நினைவிருக்கிறது. என் கட்டுரையில் அந்தப் பெண்ணும் இல்லை. இந்தப் பகுதியை அவர் கோபத்துக்குப் பிறகுதான் சேர்த்தேன்.

இந்த ஆண்டு முதலாமாண்டு மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். அதே தலைப்பு, ஒரே நிபந்தனை, தோன்றா எழுவாய் கூடாது. எச்சமானாலும் முற்றானாலும் ஒவ்வொரு வினையையும் செய்தவர் யாரென்று எழுதியாக வேண்டும். மணியடித்துத் தாளை வாங்கியபோது ஒரு மாணவி நான்கு பக்கம் எழுதியிருந்தாள். வண்டி இன்னும் தெருவைத் தாண்டவில்லை. அவளுடைய அம்மா ஊறுகாய் ஜாடியின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.