டவுன் ஹாலில் கேட்ட கேள்வி

சென்னை சென்ட்ரலை விட்டு வெளியே வந்தால், ரிப்பன் கட்டடத்துக்குப் பக்கத்தில் செங்கல் சிவப்பில் நிற்கிறது விக்டோரியா பப்ளிக் ஹால். பழைய ஆளுங்களுக்கு அது 'டவுன் ஹால்'. சிஸ்ஹோம் வரைந்து, நம்பெருமாள் செட்டி கட்டியது. 1887இல் வந்த ராணியின் பொன்விழாவையொட்டி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. நெடுங்காலம் பாழடைந்து கிடந்ததை 'சிங்காரச் சென்னை 2.0' திட்டத்தில் மாநகராட்சி புதுப்பிக்க எடுத்துக்கொண்டது. நல்ல காரியந்தான்.

ஆனால் இதன் பெருமையைச் சொல்ல வருகிறவர்கள் ஒரே பட்டியலைத்தான் ஒப்பிக்கிறார்கள். சுகுண விலாச சபை நாடகம் போட்டது, 1897இல் விவேகானந்தர் பேசியது, ஆரம்ப காலச் சினிமாப் படம் காட்டியது. எல்லாம் நடந்ததுதான். 1892 மட்டும் எங்கே போச்சு?

அந்த ஆண்டு இதே மண்டபத்தில் சென்னை மகாஜன சபைக் கூட்டம். நீலகிரியிலிருந்து பிரதிநிதியாக வந்த அயோத்திதாசப் பண்டிதர் எழுந்து, சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் எங்கள் மக்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். கூட்டம் எதிர்த்தது. உங்களுக்குத்தான் மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கே, சிவனும் விஷ்ணுவும் எதுக்கு என்று பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளியும் எங்கள் ஜனங்களுக்குத் தரிசு நிலமும் கிடைக்க வழி செய்யுங்கள் என்றார் பண்டிதர்.

மண்டபத்தின் பெயர் 'பப்ளிக்'. சபையின் பெயர் 'மகாஜனம்'. இரண்டுக்கும் உள்ளே யார் யார் அடக்கம் என்பது அன்று ஒரே கேள்வியில் அம்பலமாயிற்று. கோயில் வாசலில் நின்று கெஞ்சுவதை விட்டுக் கல்விக்கும் நிலத்துக்கும் திரும்பிய அரசியல் அங்கே வாய் திறந்தது. ஆறு வருஷம் கழித்து, 1898இல், அவர் பௌத்தம் தழுவினார். 1907இல் பத்திரிகை தொடங்கினார். இந்தப் பாதையை விளங்கிக்கொள்ள டவுன் ஹால் கூட்டத்தைத் தவிர்க்க முடியாது. நாடகக் கலைக்கு வரலாற்றில் இடம் உண்டு, நம்ம கேள்விக்கு இல்லையா?

பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உள்ளுக்குள்ளேயே கெடும். கொத்தனாரைக் கேட்டால் சொல்லுவார். வரலாற்றுக்கும் அதே கதிதான். சங்கடமான பகுதியைப் பூசி மறைத்துவிட்டுப் பாரம்பரியம் என்று பலகை மாட்டுவது பழுதுபார்ப்பு ஆகாது.

ராணியின் பெயர் அங்கே இருந்துவிட்டுப் போகட்டும். அதே சுவரில் 1892 என்று எழுதி, பண்டிதர் கேட்டதையும் அவருக்குக் கிடைத்த பதிலையும் சேர்த்தே எழுதி வைக்க வேண்டும். வாசிக்கிற பிள்ளை கேட்கும்: அந்தப் பள்ளிக்கூடம் வந்துச்சு, நிலம் வந்துச்சா?