பூனைக்கு ஒரு மணல் தட்டு: இந்தியாவிலும் இலங்கையிலும்

யாழ்ப்பாணத்து வளவில் திரியும் பூனைக்கு மாமரத்தடி போதும். தோண்டி, கழித்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்துவிடும். சென்னையில் நான்காவது மாடி ஃபிளாட்டிலோ, வெள்ளவத்தைத் தொடர்மாடியிலோ அடைந்து வளரும் பூனைக்கு அந்த மண்ணை நாம்தான் ஒரு தட்டில் வைத்துத் தர வேண்டும். மாடி வீடுகளில் தேவை ஒன்றேதான். இரு நாடுகளுக்கும் இடையே வேறுபடுவது தட்டில் நிரப்பும் பொருள்.

இந்தியக் கடைகளில் பரவலாகக் கிடைப்பது, ஈரம் பட்டால் கட்டியாகும் பெண்டோனைட் களிமண். குஜராத்தின் கட்ச், ராஜஸ்தானின் பார்மர் பகுதிகளில் இது வெட்டி எடுக்கப்படுகிறது. நனைந்த கட்டியை மட்டும் அள்ளிப் போட்டுவிட்டு மீதியைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். ஆனால் வாயில் போடும் வயதுக் குட்டிகளுக்கு இது ஆகாது, வயிற்றிலும் கட்டியாகலாம்.

இலங்கையில் பொதி மணலுக்கு இறக்குமதியை நம்பினால் விலை டொலரோடு ஏறி இறங்கும். 2022 பொருளாதார நெருக்கடியில் ரூபாய் சரிந்ததை அங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கைக்கெட்டும் மாற்றுகள் மொறட்டுவைத் தச்சுப் பட்டறைகளின் மரத்தூளும், குருநாகல், புத்தளம் பக்கத்தில் தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிக்கையில் உதிரும் தும்புச்சோறும். தும்புச்சோறு ஈரத்தை நன்றாக உறிஞ்சும். ஆனால் கட்டியாகாது, பாதத்தில் ஒட்டி வீடெங்கும் சிதறும். ஆகவே தட்டை அடிக்கடி முழுதாகக் கொட்டி மாற்ற வேண்டும். பொள்ளாச்சியில் இதே பொருள் நார்க்கழிவாகக் குவிந்து கிடக்கிறது. சென்னைக்காரர்களும் முயன்று பார்க்கலாம்.

அள்ளியதை எங்கே போடுவது? ஃபிளாட்டில் கழிவறைக் கோப்பையில் கொட்டினால் பெண்டோனைட் ஊதிக் குழாயை அடைத்துவிடும். பொதிந்து குப்பையில் சேர்ப்பதே சரி. யாழ்ப்பாணத்தில் வளவில் புதைப்பவர்கள் கிணற்றை நினைக்க வேண்டும். அங்கே நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல் அடுக்கில் இருப்பதால் அழுக்கு எளிதாக இறங்கிவிடும். கிணற்றிலிருந்தும் கீரைப் பாத்தியிலிருந்தும் தள்ளியே குழி வெட்டுங்கள்.

மற்ற விதிகள் இரு கரைக்கும் பொது. தட்டின் நீளம் பூனையின் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும். அகலமான பிளாஸ்டிக் பேசினே போதும். மணல் 5 முதல் 7 சென்டிமீட்டர் ஆழம். இரண்டு பூனைகளுக்கு மூன்று தட்டுகள். சோற்றுக் கிண்ணத்தின் பக்கத்தில் வைக்காதீர்கள். கழுவச் சோப்பும் தண்ணீரும் போதும்; பினாயில் பூனைக்கு நஞ்சு. மலத்தில் டாக்சோபிளாஸ்மா கிருமி இருந்தால் அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், அதனால் தினமும் அள்ளுங்கள். கர்ப்பிணிகள் அந்த வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது. கடுவன் பூனை தட்டில் குந்தி முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

விலையுயர்ந்த மணலைப் போட்டு மூன்று நாள் அள்ளாமல் விடுவதைவிட, மரத்தூளைப் போட்டுத் தினமும் மாற்றுவதே பூனைக்கும் வீட்டுக்கும் நல்லது.