பார்படோஸ்: கடலைவிட்டுக் கண்ணைத் திருப்புங்கள்

பார்படோஸுக்குப் போய்வந்தவர்கள் மனம்விட்டுப் பேசினால் மூன்று குறைகள் தவறாமல் வரும்: விலை கொள்ளை, தீவு சப்பையாகக் கிடக்கிறது, எங்கு திரும்பினாலும் இங்கிலாந்து வாடை. மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றுக்கும் வேர் ஒன்று. பக்கத்துத் தீவுகள் பல எரிமலையில் பிறந்தவை. பார்படோஸின் பெரும்பகுதி பவளச் சுண்ணாம்புக்கல் போர்த்திய மேட்டுநிலம், மொத்தமே சுமார் 430 சதுர கிலோமீட்டர். தடுக்க மலை இல்லாததால், 1627இல் குடியேறிய ஆங்கிலேயர் சில பத்தாண்டுகளிலேயே காட்டை வழித்தெடுத்துக் கரும்பு நட்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். நிலமெல்லாம் கரும்பானதால் சாப்பாட்டுச் சாமான் கப்பலில் வந்தது, இன்றும் வருகிறது. ஆகவே இந்தத் தீவை ரசிக்க ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்: இந்த மண் யாருடையதாக இருந்தது?

அதற்குப் பதில் சாலையோரத்திலேயே நிற்கிறது. சாட்டல் ஹவுஸ் என்று அங்கே சொல்லும் சின்ன மரவீட்டைப் பாருங்கள். நடுவில் கதவு, இருபுறமும் அளவெடுத்தாற்போல் ஒவ்வொரு ஜன்னல், காற்றும் மழையும் வழுக்கி ஓடச் செங்குத்தான கூரை. பிறகு குனிந்து அடியைப் பாருங்கள். அஸ்திவாரம் இருக்காது, சும்மா அடுக்கிய பவளக்கற்களின்மேல் வீடு உட்கார்ந்திருக்கும். அடிமை முறை 1834இல் சட்டப்படி ஒழிந்தது. நிலம் மட்டும் தோட்ட முதலாளிகளிடமே தங்கிவிட்டது. வீடு தொழிலாளியுடையது, அதன் அடியிலிருந்த மண் முதலாளியுடையது. போ என்றால் பலகைகளைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். பனாமா கால்வாய் வெட்டப் போனவர்களில் சிலர் அந்தச் சம்பாத்தியத்தில் துண்டு நிலம் வாங்கினார்கள். தோட்டத்து மனைகளில் குடியிருந்தவர்கள் அவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற சட்டம் வர 1980 ஆயிற்று. இன்று பல வீடுகளில் முன்பக்கம் மரமாகவும் பின்பக்கம் சிமென்ட் சுவராகவும் இருக்கும். கையில் காசு வரவர, கால் ஊன்றலாம் என்ற தைரியம் வரவர, பின்னாலிருந்து வளர்ந்த வீடுகள் அவை. அரண்மனைகளைவிட இவை பார்க்கத் தகுந்தவை என்பது என் கட்சி.

கேள்வி கையில் இருந்தால் மற்றதும் பிடிபடும். தேசிய உணவான கூ-கூ, வெண்டைக்காய் வெந்த வழவழப்பு நீரில் சோளமாவைக் கட்டிதட்டாமல் கிளறும் களி. ஆப்பிரிக்க வெண்டையும் தோட்டத்தில் அளந்து போட்ட மலிவு மாவும் சேர்ந்த அதை, பறக்கும் மீன் குழம்போடு சாப்பிடுவார்கள். 2024இல் இந்தியா டி20 உலகக் கோப்பையை வென்ற கென்சிங்டன் ஓவல் ஒருகாலத்தில் வெள்ளையர் கிளப்பின் மைதானம். பின்னாளில் மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு ஆடிய எவர்ட்டன் வீக்ஸ் சிறுவனாக அங்கே மைதானப் பணியாளர்களுக்கு எடுபிடி வேலை செய்தார். அந்த கிளப்புக்காக ஆட அவருக்கு இடமில்லை. இங்கிலாந்து வாடை என்று நாம் முகம் சுளிக்கும் கிரிக்கெட், உள்ளே விடாதவர்களிடமிருந்து தீவின் கறுப்பின மக்கள் பறித்துக்கொண்டது.

ஓய்வெடுக்கப் போகிறவனுக்கு இந்தச் சரித்திரச் சுமை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கடற்கரையில் படுத்தாலும் இதே வழக்குதான் ஓடுகிறது: சட்டப்படி கடற்கரை எல்லாருக்கும் பொது; மேற்குக் கரையிலோ ஹோட்டலும் பங்களாவும் வரிசைகட்டி நிற்க, சாலையிலிருந்து கடல் பல இடங்களில் கண்ணில் படுவதே இல்லை. சுற்றுலாதான் தீவுக்காரர்களுக்குச் சோறு போடுகிறது, கடலை ஒதுக்கச் சொல்லலாமா என்பது இன்னொரு மறுப்பு. ஒதுக்கச் சொல்லவில்லை. உள்ளூர் பஸ்ஸுக்கும் தெருவோர மீன் கடைக்கும் போகும் காசும் சுற்றுலாக் காசுதான். அது நேராக ஊர்க்காரர் கைக்குப் போகிறது.

தலைநகர் பிரிட்ஜ்டவுனிலிருந்து கிழக்குக் கரையின் பாத்ஷீபாவுக்கு அரசு நீலப் பஸ் போகிறது. எவ்வளவு தூரமானாலும் ஒரே கட்டணம். ஜன்னலோரம் உட்காருங்கள். பாத்ஷீபாவில் அலையைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த அட்லாண்டிக் இழுப்பு நீச்சல்காரரையும் விடாது. மரவீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், படம் எடுக்கும் முன் கேளுங்கள். கேட்பதற்கு முன் ஒரு ‘குட் மார்னிங்’ சொல்லுங்கள்; அது இல்லாமல் பேச்சைத் தொடங்குவது அந்த ஊரில் மரியாதைக் குறைவு.