மூன்று வயதுக்கு முன்

பழனி மலைத்தொடரில் ஏழைக் குழந்தைகளின் பசி தீர அரசு செய்திருப்பவை கொஞ்சமல்ல. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்கு விலையில்லை. பால்வாடியில் மதியச் சோறும் முட்டையும் உண்டு. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. கொடைக்கானல் மேல்மலையிலும் கீழ்மலையிலும் காலையிலேயே கூலி வேலைக்குக் கிளம்பும் தாய்மாருக்கு இதன் அருமை தெரியும். பட்டினியை விரட்டியதா என்று மட்டும் கேட்டால், இந்த ஏற்பாட்டுக்குத் தயங்காமல் பாராட்டுச் சொல்லலாம்.

ஆனால் வயிறு நிறைவது வேறு, உடல் வளர்வது வேறு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. முந்தைய ஆய்வில் 50.7 விழுக்காடாக இருந்த குழந்தைகளின் ரத்தசோகை 57.4 ஆகக் கூடியிருக்கிறது. அரிசியில் இரும்புச்சத்து சொற்பம். மழையில் வேலை நின்றால், கூலி வீட்டில் முதலில் குறைவது பருப்பும் முட்டையும்தான். காட்டுக் கிழங்கும் தேனும் உண்டு வாழ்ந்த பளியர் பழங்குடியினரும் இன்று கூலியையும் ரேஷனையும் நம்பியிருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய பிழை வயதைப் பற்றியது. உயரக் குறைவின் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளிலேயே நேர்ந்துவிடும். பள்ளியின் காலை உணவோ ஐந்து வயதுக்குமேல்தான் கிடைக்கிறது. கைக்குழந்தைக்காகப் பால்வாடியிலிருந்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவை அண்ணன் அக்காவும் பங்குபோடுவார்கள். கைக்குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை ஊட்ட வேண்டும். ஊட்ட வேண்டியவளோ பூண்டுக் காட்டிலோ காப்பித் தோட்டத்திலோ இருக்கிறாள். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. ஆனால் ஐம்பது பெண்களேனும் வேலை செய்யும் இடத்தில், அல்லது அவர்களின் பிள்ளைகள் இருபது பேராவது உள்ள இடத்தில்தான். கீழ்மலையின் சிறு தோட்டங்கள் அந்தக் கணக்குக்குள் வரவேயில்லை.

சிதறிக்கிடக்கும் மலைக் குடியிருப்புகளில் இதற்குமேல் என்ன செய்ய முடியும் என்பார்கள். ஆனால் முன்னுதாரணம் உண்டு; அப்போது கொடைக்கானல் மதுரை மாவட்டத்தில் இருந்தது. அதே மாவட்டத்துக் கொட்டாம்பட்டியில் 1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாத பிள்ளைக்குத் தனி உணவு கொடுத்தார்கள். ஆகவே வழி தெரியவில்லை என்று சொல்வதற்கில்லை.

என் தீர்ப்பு இது: பட்டினியைத் தடுப்பதில் அரசு தேறியிருக்கிறது; மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை வளர்ப்பதில் தேறவில்லை. பள்ளி உணவில் கைவைக்க வேண்டாம். இனி ஒதுக்கும் பணம் மட்டும், தாய் வேலை முடிந்து வரும்வரை திறந்திருந்து, மாதாமாதம் எடைபோட்டு, தினமும் முட்டை ஊட்டும் காப்பகங்களுக்கே முதலில் போக வேண்டும்.