வெண்கட்டி வட்டத்தை வரைபவர் யார்? – மகவேற்பும் வர்க்கமும்: ஓர் இலக்கிய நோக்கு

2004 டிசம்பர் 26ஆந் திகதி கடற்கோள் கல்முனைக் கரையை அழித்துச் சென்றபின், இடிபாடுகளிடையே கண்டெடுக்கப்பட்ட கைக்குழந்தையொன்று கல்முனை வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டது. அனுமதிக்கப்பட்டோர் வரிசையில் அதன் இலக்கம் 81. ஒன்பது தம்பதியர் அக்குழந்தைக்கு உரிமை கோருவதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. நீதிமன்றத்தில் முறைப்படி உரிமை கோரியவர்களோ ஒரே தம்பதியர். 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனை அவர்களே பெற்றோர் என உறுதிசெய்தது. ஒன்று ஒன்பதாகப் பெருகியமை வெறும் செய்திப் பிழையன்று. ஒரு குழந்தைக்காகத் தாய்மார் வழக்காடும் பழங்கதை, சுலைமான் நபியின் தீர்ப்புத் தொட்டு மனித மனத்தில் ஊன்றியிருப்பதன் விளைவே அது. அக்கதை வடிவம் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதே ஈண்டு நமது வினா.

அவ்வடிவத்தைத் தலைகீழாக்கியவர் பெர்டோல்ட் பிரெக்ட். 1944இல் அவர் எழுதிய ‘காக்கேசிய வெண்கட்டி வட்டம்’ நாடகத்தில், பெற்றவள் ஆளுநரின் மனைவி. கலகம் மூண்டபோது பிள்ளையை விட்டோடியவள். பின்னர் சொத்துரிமை கருதி அதைத் தேடி வருபவள். வளர்த்தவள் பணிப்பெண் குரூஷா. பிள்ளைக்கு நோகுமென அஞ்சிக் கையை விட்டவளுக்கே பிள்ளை என நீதிபதி அஸ்டாக் தீர்க்கிறான். நிலம் உழுபவனுக்கு என்னும் கோட்பாட்டின் நாடக வடிவம் அது. ஹென்றி ஜயசேன 1967இல் அதனைச் சிங்கள மேடைக்குக் கொணர்ந்தபோது இந்நாட்டு முற்போக்காளர் பெருமகிழ்வு கொண்டனர்.

ஆயின், இடதுசாரி விமர்சகராகிய நாம் அத்தீர்ப்பை எல்லாக் காலத்துக்கும் உரிய இறுதி வாக்காகக் கொண்டமை பிழை. பிரெக்டின் நாடகத்தில் பெற்றவள் செல்வந்தை, வளர்த்தவள் வறியவள். நடைமுறை உலகின் மகவேற்பிலோ வர்க்க நிலை பெரும்பாலும் எதிர்மாறானது. 1970களிலும் 1980களிலும் இலங்கையின் வறிய தாய்மாரின் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் ஐரோப்பிய வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நீதிமன்ற ஆணையை வேண்டியது; ஆணைகளும் கிடைத்தன. எனினும் சில வழக்குகளில், கூலி பெற்ற பெண்கள் பெற்ற தாயாக நடித்துக் குழந்தையைக் கையளித்தமையை 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி வெளிக்கொணர்ந்தது. பிரெக்ட் மேடையில் நிறுத்திய வழக்கை இங்கே சந்தை நீதிமன்றத்திலேயே நடித்துக் காட்டிவிட்டது. வட்டத்தினுள் மெய்யான தாய் நுழையவேயில்லை.

அமெரிக்காவில் இதே வினா நிறத்தின் பெயரால் எழுந்தது. கறுப்பினக் குழந்தைகளை வெள்ளையர் இல்லங்களிற் சேர்ப்பதைக் கறுப்பினச் சமூகப் பணியாளர் தேசியச் சங்கம் 1972இல் வன்மையாக எதிர்த்தது. பின்னர் 1994, 1996ஆம் ஆண்டுச் சட்டங்கள், இனத்தைக் காரணங்காட்டிக் குழந்தைக்கு வீடு மறுப்பதைத் தடைசெய்தன. அன்பா, இனமா என்றே விவாதம் சுருக்கப்பட்டது. கறுப்பினக் குடும்பங்களை மகவேற்க விடாது விலக்கியவை முகவர் நிறுவனங்களின் அளவுகோல்களே என்ற அச்சங்கத்தின் வாதம் பின்தள்ளப்பட்டது. நிரந்தர வீடின்றிக் காத்திருக்கும் குழந்தையிடம் இனத்தூய்மை பேசுவது கொடுமை. அதன் சொந்த வீடு ஏன் சிதைந்தது எனக் கேளாதிருப்பதும் கொடுமையே.

தமிழில் இவ்வினாவைப் பரவலாக்கியது மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002). இராமேஸ்வரம் அகதி முகாமில் ஈழத் தாயொருத்தி பெற்றுவிட்டுச் சென்ற அமுதா, சென்னையின் மத்தியதர வீட்டில் வளர்கிறாள். பெற்றவளும் வளர்த்தவளும் தமிழரே. அவர்களைப் பிரிப்பவை கடலும் குடியுரிமையும் வர்க்கமுமாம். போரின் வரலாற்றுக் காரணங்களை ஆராயாது கண்ணீரில் கரைத்துவிடுவது படத்தின் குறைபாடு. ஆயினும், மகள் தாயைத் தேடிச் சென்று நேரில் வினாவும் உரிமையை அது மறுக்கவில்லை. உண்மையை ஒளித்து அன்பு காட்ட முடியாதென்பதை அது உணர்ந்துள்ளது.

இவ்வுணர்வுக்குக் கல்முனைக் கரையின் வாழ்விலேயே வேர்கள் உண்டு. இங்கு தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் குடி மரபாகத் தாய்வழியே கணிக்கப்படும். இஸ்லாமிய நெறி அநாதையைப் பேணுவதைப் பேரறமாக்குகிறது. எனினும் வளர்ப்பவரின் பெயரால் பெற்ற தந்தையின் பெயரை அழிப்பதை ஏற்பதில்லை. ‘கஃபாலா’ எனப்படும் இப்பராமரிப்பு முறையை 1989ஆம் ஆண்டின் ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயம் தனது 20ஆம் உறுப்புரையில் ஏற்றுள்ளது. குழந்தையின் இன, சமய, மொழிப் பின்னணியைக் கருத்திற் கொள்ளுமாறும் அதே உறுப்புரை பணிக்கிறது. வாரிசுரிமை முதலியவற்றில் இம்முறைக்கும் சிக்கல்கள் உண்டு. அதை இலட்சியமாக்குவது நம் நோக்கமன்று. வளர்ப்பதற்கு அழிப்பது நிபந்தனையன்று என்பதை அது காட்டுகிறது. அதுவே நமக்குப் போதுமானது.

கையை விட்டவள் யார் என்பது பழங்கதையின் வினா. கைவிடும்படி அவளை நெருக்கியது எது என்பது நமது வினா. வறுமையும் போரும் பெற்றவளின் கையைப் பிரித்துவிட்ட பின்னரே வெண்கட்டி வட்டம் வரையப்படுகிறது. எனவே முற்போக்கு விமர்சனம் வட்டத்துள் நிற்போரை மட்டுமன்றி, வெண்கட்டியைப் பிடித்திருக்கும் கையையும் நோக்கக் கடமைப்பட்டுள்ளது.